47 வயதில் பழனிக்கு நடப்பது: உடம்பு தாங்குமா, வாழ்க்கை மாறுமா?

உங்கள் கேள்வியில் நாலைந்து விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்கிறேன். வயது 47. சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். இருபது வருடமாகச் சென்னையில் ஐ.டி. வேலை பார்த்தீர்கள், போன ஆடி மாதம் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. அப்பச்சி (அப்பா) பல வருடம் பழனிக்குக் காவடி எடுத்தவர், நீங்கள் ஒருமுறைகூட நடந்ததில்லை. வருகிற தைப்பூசத்துக்கு நடந்தால் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. சர்க்கரை கொஞ்சம் இருக்கிறது, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7.1, மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் எடுக்கிறீர்கள். வெறுங்காலில் நடக்கலாமா, அல்லது பேசாமல் ஸ்பெயினுக்குப் போய் காமினோ என்ற யாத்திரைப் பாதையில் நடந்துவிடலாமா, வேலை தேடுவதைத் தை முடியும்வரை தள்ளிவைக்கலாமா என்று கேட்கிறீர்கள். நடுவில் ஒரு வரி வருகிறது: "யாராவது என்ன பண்றீங்க என்று கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை." எனக்கு அதுதான் கேள்வி என்று படுகிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தவை.

நான் காரைக்குடியில் நெடுங்காலமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். மார்கழி, தையில் நடக்கப் போகிறவர்கள் வருவார்கள், மாசியில் நடந்து வந்தவர்கள் வருவார்கள். சில வருடம் வழியில் முகாமில் உட்கார்ந்து கால் பார்த்திருக்கிறேன், சில வருடம் நானும் நடந்திருக்கிறேன். நான் உங்களைப்போல நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) இல்லை. அதனால் காவடியின் உள்முறைகளில் உங்கள் பங்காளிகளில் மூத்தவர் சொல்வதே சரி, நான் சொல்வது இல்லை. மனநல நிபுணரும் இல்லை. கால், சர்க்கரை, இதயம் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை பற்றிச் சொல்வதைப் பலரைப் பார்த்த ஒருவரின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நடை மனச்சோர்வைக் குறைக்கும். 2024-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நடை அல்லது மெல்லோட்டம், யோகா, தசைப் பயிற்சி மூன்றும் மனச்சோர்வுக்கு நன்றாகவே உதவின. அதில் சேர்ந்த ஆய்வுகளில் பலவற்றின் தரம் சுமார்தான் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தூக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றிலும் நடை நன்மை செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இதில் எதற்கும் பழனி தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. பாதயாத்திரையில் அது ஒரே நாளில் முடிந்துவிடும், ஆனால் வருடத்தில் ஆறு நாள் அள்ளி நடப்பதும் வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நடப்பதும் உடம்புக்கு ஒன்றில்லை. எடை குறையும் என்று போகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். வழியெல்லாம் அன்னதானம். இட்லி, பொங்கல், கேசரி, பானகம் என்று கையில் திணித்துக்கொண்டே இருப்பார்கள். எடை கூடித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து, நடுவயது. எலியட் ஜாக்ஸ் என்ற மனப்பகுப்பாய்வாளர் 1965-இல் 'நடுவயது நெருக்கடி' என்ற கருத்தைக் கொண்டுவந்தார். பிறகு பொருளாதார அறிஞர்கள் பல நாட்டுப் புள்ளிவிவரங்களைக் கணக்கிட்டு, மனநிறைவு நாற்பதுகளின் பின்பாதியில்தான் அடிமட்டத்துக்குப் போய் மீண்டும் ஏறுகிறது என்றார்கள். டேவிட் பிளாஞ்ச்ஃபிளவர் 2020-இல் வெளியிட்ட கணக்கில் அந்த அடிமட்டம் ஏறக்குறைய உங்கள் வயதிலேயே விழுகிறது. இதைப் படித்து ஆறுதல் அடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். இது சராசரி, வளைவும் சிறியது. வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே சமயத்தில் கேட்டு வரைந்த கோட்டை ஒரு மனிதனின் வாழ்க்கைக்கோடாக எடுக்கலாமா என்பதில் இன்னும் சண்டை நடக்கிறது. உங்கள் வருத்தத்துக்கு வேலை போனது என்ற வெளிப்படையான காரணம் இருக்கும்போது வயதின்மேல் பழிபோட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

நடந்தால் மனிதன் மாறுவானா என்பதற்கு வருகிறேன். காமினோ நடந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் மனம் இலகுவாயிற்று என்றுதான் சொல்வார்கள். பிரச்சினை என்னவென்றால், ஒரு மாதம் லீவு போட்டு நடக்கத் துணிந்தவர்கள் ஏற்கெனவே மாறத் தயாரானவர்கள். மாறாதவர்கள் கேள்வித்தாளை நிரப்பி அனுப்புவதில்லை. இதைவிட நல்ல சான்று நம் நாட்டிலேயே கிடைக்கிறது. பிரயாகையில் மாக மேளாவுக்குப் போய் ஒரு மாதம் கங்கைக்கரையில் கூடாரத்தில் தங்கும் கல்பவாசிகளை, போவதற்கு முன்பும் திரும்பிய பிறகும் ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வந்தது. 400-க்கும் மேற்பட்ட யாத்திரிகர்களையும், ஒப்பிட மேளாவுக்குப் போகாதவர்களையும் பார்த்தார்கள். குளிர், இரைச்சல், கூட்டம், சுமாரான சாப்பாடு எல்லாம் இருந்தும், போனவர்களின் நலவுணர்வும் உடல்நலமும் (அவர்களே சொன்னபடி) போகாதவர்களைவிட மேம்பட்டிருந்தன. அதே குழுவினர் பிறகு செய்த ஆய்வில், 'நாங்கள் எல்லாரும் ஒன்று' என்ற உணர்வு யாருக்கு வலுவாக இருந்ததோ அவர்களுக்குத்தான் பலன் அதிகம் என்று தெரிந்தது. அவர்கள் அங்கே நடக்கவில்லை, தங்கியிருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆகவே குணம் காலில் மட்டும் இல்லை, கூட்டத்திலும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நான் வழியில் பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது. சென்னையில் ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி 'என்ன பண்றீங்க?' குன்றக்குடியிலிருந்து கிளம்பி சிங்கம்புணரி போய்ச் சேர்வதற்குள் உங்களிடம் பத்துப் பேராவது பேசுவார்கள். அவர்கள் கேட்பது 'எந்த ஊரு? எந்தக் கோயிலு? யாரு வீடு?' இளையாத்தங்குடியோ, மாத்தூரோ, வைரவன்பட்டியோ, நகரத்தாரின் ஒன்பது கோயிலில் உங்களுடையது எது, யாருடைய பேரன் என்பது போதும். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பதிலை எந்தக் கம்பெனியும் பிடுங்க முடியாது. வேலை போனவர்கள், தொழில் நொடித்தவர்கள், மனைவியை இழந்தவர்கள் என்று என்னிடம் வருகிறவர்களில் சிலருக்கு நடை உதவியது என்றால், பெரும்பாலும் இந்த வகையில்தான் உதவியது. புதிய ஆளாகிவிட்டோம் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. பழைய ஒரு இடம் இன்னும் காலியாக, தனக்காக இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். நீங்கள் 'புதிதாகத் தொடங்க' என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது: பழனி நடை அதற்கு ஏற்ற இடமே இல்லை. அங்கே எல்லாம் பழையது. நெற்குப்பையைச் சேர்ந்த குமரப்பன் என்ற வணிகர் உப்பு வியாபாரத்துக்காகப் பழனிக்குப் போய்வந்த காலத்தில் தொடங்கியது, சுமார் 400 வருடப் பழக்கம் என்று மரபாகச் சொல்கிறார்கள். எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது, எந்தக் காவடிக்குப் பின் எந்தக் காவடி, எல்லாம் முன்பே முடிவானது. நீங்கள் தீர்மானிக்க ஒன்றுமே இல்லை. ஆறு மாதமாக எல்லாவற்றையும் தனியாகத் தீர்மானித்துக் களைத்துப்போன ஒருவருக்கு அது பெரிய ஓய்வு.

இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். யார் வீடு என்று தெரிந்த ஐந்தாவது நிமிடம் 'சென்னையில எந்தக் கம்பெனி?' என்று ஒரு மாமா கேட்கத்தான் செய்வார். யாத்திரையில் எல்லாரும் சமம், மேடு பள்ளம் மறைந்துவிடும் என்று மானிடவியலில் விக்டர் டர்னர் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. நம் வழியிலும் நகரத்தார் காவடி, நாட்டார் காவடி என்று அதனதன் ஒழுங்கில்தான் போகின்றன. தண்ணீர்ப்பந்தலில் எல்லாரும் ஒரே டம்ளரில் மோர் குடிக்கிறோம் என்பது உண்மை, ஊர் திரும்பியதும் அவரவர் வீட்டு வாசல் அவரவருக்கு என்பதும் உண்மை. ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்ப்பதே உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறதென்றால், முதல் வருடம் குடும்பத்துக் கூட்டத்தோடு போகாமல், குன்றக்குடியிலோ நத்தத்திலோ சேர்ந்துகொண்டு ஓரமாக நடக்கலாம். லட்சக்கணக்கில் நடக்கிறார்கள், யாரும் தேட மாட்டார்கள்.

நடுவயதில் எல்லாம் போய் மறுபடி தொடங்குவது உங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் திருப்பிக் கட்ட முடியாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1938 வாக்கில் ஏறக்குறைய கால்வாசி நிலம், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. கேட்டு வாங்கிய நிலம் அன்று அது, வராக்கடனுக்கு ஈடாக வந்து விழுந்த நிலம். 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. கப்பல் கிடைக்காத இந்தியர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அசாம் வழியாகவும் நடந்தே வந்தார்கள், ஏராளமானோர் வழியிலேயே மாண்டார்கள். தப்பி வந்தவர்களில் பலர் உங்கள் வயதுக்காரர்கள். அவர்களுடைய பேரன்களிடம் கேட்டுப்பாருங்கள். அந்த நடை தன்னை மாற்றியது என்று தாத்தா சொன்னதாக யாரும் சொல்லவில்லை. வந்து, வீட்டு வளவில் ஒரு மூலையில் சில மாதம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் ஏதோ ஒரு சிறு தொழிலைப் பிடித்தார்கள் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பேசாத சில மாதத்தைப் பற்றி எனக்கு நிறையக் கேட்கத் தோன்றும். சரி, அது வேறு கதை.

காமினோ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரெஞ்சு எல்லையிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ நகரம் வரை சுமார் 780 கி.மீ., ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். சான்றிதழ் மட்டும் வேண்டுமென்றால் கடைசி 100 கி.மீ. நடந்தால் போதும். ஜப்பானில் ஷிகோகு தீவின் 88 கோயில் சுற்று சுமார் 1,200 கி.மீ. மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு வாரி என்று ஆனி, ஆடியில் மூன்று வாரம் நடக்கிறார்கள், அதுவும் நம்முடையது போலக் கூட்டமாகப் பாடிக்கொண்டு போகிற நடைதான். காமினோவின் பெரிய கவர்ச்சி அங்கே உங்களை யாருக்கும் தெரியாது என்பது. சிலருக்கு அதுதான் மருந்து. ஆனால் வருமானம் நின்றிருக்கும்போது விமானச் செலவு போட்டு அந்நியனாக இருக்கப் போவதற்கு முன், காசில்லாமல் கிடைக்கும் ஆறு நாளை முயன்று பார்க்கலாமே என்பது என் யோசனை.

இனி உடம்பு. இங்கே நான் கண்டிப்பாகப் பேசுவேன். காரைக்குடியிலிருந்து பழனி சாலைவழியாக 160 கி.மீ. சொச்சம். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நாளுக்கு 25, 30 கி.மீ. என்று போகும். முதல் நாள் எல்லாரும் நடப்பார்கள். ஆளைத் தள்ளுவது இரண்டாம், மூன்றாம் நாள்தான், முந்தைய நாள் புண்பட்ட தசையோடும் கொப்புளத்தோடும் மறுபடி எழுந்து நடக்க வேண்டியிருப்பதால். ஆகவே பயிற்சியில் ஒரே நாளில் நீளமாக நடந்து பார்ப்பது போதாது. ஐப்பசிக்குள் ஒரு மணி நேர நடை பழகிவிட வேண்டும். கார்த்திகையில் சனிக்கிழமை 15 கி.மீ., மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் 12 கி.மீ. என்று அடுத்தடுத்த நாள் நடக்க வேண்டும். பிள்ளையார் நோன்பு கழிந்த பிறகு ஒரு வாரக்கடைசியில் 20-ம் 20-ம் நடந்து, திங்கட்கிழமை மாடிப்படி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தயார்.

அதற்கு முன்னால் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும், போனில் இல்லை, நேரில். மாடி ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, முன்பில்லாத மூச்சிரைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் இதயத்தைப் பரிசோதிக்காமல் கிளம்பக்கூடாது. சர்க்கரைக்காரர்கள் பாத உணர்ச்சியைச் சோதித்தே ஆக வேண்டும். மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் அழுத்திப் பார்ப்போம், அது வளையும்போது 10 கிராம் அழுத்தம் விழும், கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் அதை உணர வேண்டும். இரண்டு நிமிட வேலை. உணரவில்லை என்றால் வெறுங்கால் நடை என்ற பேச்சுக்கே இடமில்லை. முள் ஏறினாலும் தார் சுட்டாலும் தெரியாது, சாயங்காலம் பாதத்தில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். அந்தப் புண் விரலை எடுப்பதில் முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

உணர்ச்சி நன்றாக இருந்தால்? சர்க்கரைநோய்ப் பாத மருத்துவம் படித்த யாரைக் கேட்டாலும், பாதிப்பு வரும் வாய்ப்பு உள்ளவர்கள் வீட்டுக்குள்கூட வெறுங்காலில் நடக்க வேண்டாம் என்பார்கள். வேண்டுதல் என்று வரும்போது நான் ஒரு சமரசம் சொல்வது வழக்கம்: சாலையில் ஷூ, அடிவாரத்திலிருந்து கிரிவலமும் 690-க்கும் மேற்பட்ட படிகளும் வெறுங்கால். இது என் சமரசம், ஆகமம் இல்லை. இதை ஒத்துக்கொள்ளாத பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை, உங்கள் காலைப் பற்றி மட்டும் உங்களிடம் சொல்கிறேன்.

கொப்புளம் வெறும் உரசலால் வருவதில்லை. எலும்பு ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமுமாக ஆயிரக்கணக்கான முறை இழுபடுவதால் தோலின் அடுக்குகள் நடுவில் பிரிந்து நீர் கோத்துக்கொள்கிறது. ஈரம் அதை விரைவுபடுத்தும். அதனால் வழியில் குழாயடியில் காலைக் குளிரக் கழுவிவிட்டு, துடைக்காமல் ஷூ போட்டுக்கொள்வது கெடுதல். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பை, நடக்கும் முன்பே, வழக்கமாகக் கொப்புளம் வரும் இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் இதைச் சோதித்து, குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். கால் வீங்கும் என்பதால் ஷூ அரை அளவு பெரியதாக இருக்கட்டும், தைக்காகப் புது ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். சின்னக் கொப்புளத்தைத் தொடாதீர்கள். பெரியதை முகாமில் சுத்தமான ஊசியால் எடுத்துக்கொள்ளுங்கள், தோலைக் கிழிக்கவே கூடாது.

உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று வலி மாத்திரை. முகாம்களிலும் பக்கத்தில் நடப்பவர் பையிலும் டைக்ளோஃபெனாக் தாராளமாகக் கிடைக்கும். நீங்கள் டெல்மிசார்டன் எடுக்கிறீர்கள். வேர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து அது திடீரெனப் பழுதாகலாம். கூடவே நீர் பிரிய மாத்திரையும் எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வலிக்கு பாராசிட்டமால் போதும், அதற்கு அடங்காத வலி என்றால் அன்று நடையை நிறுத்த வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் சர்க்கரை திடீரென இறங்குவது அரிது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குத்தான் அது வரும், அப்போது கொட்டும் வியர்வையை நடை வியர்வை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை உங்களைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. தண்ணீரைப் பயந்து பயந்து லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு, ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், குழப்பம், வலிப்பு வரை போகும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் விடாதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், உயிருக்கு ஆபத்து என்று நான் முதலில் வைப்பது சாலையை. வெயிலுக்குப் பயந்து விடிகாலை இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்புகிறார்கள், அந்த நேரத்தில்தான் லாரிக்காரரும் தூங்கி வழிவார். சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பாதயாத்திரைக்காரர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கும் இடங்களில் அதைவிட்டு இறங்காதீர்கள். காதில் பாட்டு வேண்டாம்.

விரதம் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். மாலை போடும் அன்று தினசரிக் குடியைச் சட்டென நிறுத்துகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, பிதற்றல் வரும். சாமி வந்துவிட்டது என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். தினமும் குடிப்பவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். நீங்கள் அந்த ரகம் இல்லை என்றால் இதைத் தாண்டிப் போய்விடுங்கள். பொதுவாகச் சொன்னால், நடைக்கு முந்தைய அந்த விரத நாட்களைத்தான் நான் நடையைவிடப் பெரிதாக மதிக்கிறேன். ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் படிய எவ்வளவு நாள் ஆகும் என்று லண்டனில் செய்து 2010-இல் வந்த ஆய்வில் நடுக்கணக்கு 66 நாள், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. ஆறு நாள் நடை எந்தப் பழக்கத்தையும் உண்டாக்காது. ஒரு மண்டலம் அதிகாலை எழுந்து, குளித்து, ஒரு மணி நேரம் நடந்து, நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் ஓரளவு படியும். மாலையைக் கழற்றிய மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்தால் இன்னும் படியும்.

அந்த மறுநாளில்தான் பலர் விழுகிறார்கள். மலை இறங்கி, பஞ்சாமிர்த டப்பாவோடு பஸ் ஏறி, நாலைந்து மணி நேரத்தில் வீட்டில் இருப்பார்கள். ஆறு நாள் நடந்த தூரத்தைத் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். மாசியில் என்னிடம் வந்து 'டாக்டர், நடந்தப்போ நல்லா இருந்துச்சு, வந்ததும் முன்னைவிட மோசமா இருக்கு' என்கிறவர்கள் பெரும்பாலும் இவர்கள். நகரத்தார் காவடி அப்படித் திரும்புவதில்லை, நடந்தே திரும்புகிறது. கூட்டம் கலைந்து, பந்தல்கள் பிரித்து, அன்னதானமும் குறைந்துவிட்ட அதே சாலையில். சடங்குகளை ஆராய்ந்த வான் ஜென்னப் 1909-இலேயே பிரிதல், நடுநிலை, மீண்டும் சேர்தல் என்று மூன்று கட்டம் சொன்னார். நம்மில் பெரும்பாலோர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறோம். திரும்பும் நடை மனதுக்கு நல்லது என்று நிரூபித்த ஆய்வைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை, இது என் கிளினிக்கில் பார்த்துச் சொல்வது. உங்களால் முழுக்க நடந்து திரும்ப முடியாது, முதல் வருடம் முயலவும் வேண்டாம். ஆனால் நத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஊர்வரை மீதியை இரண்டு மூன்று நாளில் நடந்து வாருங்கள். கூடவே, வந்த பிறகு ஒரு மாதத்துக்குப் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். மலையுச்சியில் நின்று ஊர் வீட்டுப் பங்கை விற்கலாம், இயற்கை விவசாயம் பார்க்கலாம் என்று தோன்றினால் எழுதி வைத்துக்கொண்டு மாசி கடைசியில் படித்துப் பாருங்கள்.

உங்கள் மனைவி இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் எதிர்ப்பது நடையையா, வேலை போன வீட்டில் தான் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதையா என்று கேட்டுப்பாருங்கள். பெண்களும் ஏராளமாக நடக்கிறார்கள், அவரும் வரலாம். வர விருப்பமில்லை என்றால், நீங்கள் இல்லாத அந்த வாரம் வீட்டில் யார் என்ன பார்ப்பது என்பதை முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

வேலை விண்ணப்பங்களைத் தை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். நேர்காணல் தேதி நடை நாட்களில் வந்தால் ஒரு வாரம் தள்ளிக் கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் நேர்காணலுக்குப் போங்கள். பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடக்கிறார்கள், வெயில் மட்டும் கூடுதலாக இருக்கும்.